கேம்பிங் வானுக்குச் சோலர்: காசு எங்கே வீணாகிறது?

பழைய டொல்பின் வானின் பின் சீட்டுகளைக் கழற்றிக் கட்டில் போட்டாயிற்று, அல்லது இழுத்துக்கொண்டு போக ஒரு சிறிய டிரெய்லர் வாங்கியாயிற்று என்றால், அடுத்த யோசனை கூரையில் ஒரு சோலர் பனல்தான். கொழும்பில் இதற்கு வேண்டிய சாமான்களை ஒரே நாளில் வாங்கிவிடலாம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவையும் பஞ்சிகாவத்தையையும் சுற்றினால் போதும். வாங்குவது லேசு என்பதுதான் சிக்கல். பனல் என்றால் கை தாராளமாக நீளும். பனலுக்கும் பற்றரிக்கும் இடையில் வரும் வயர், பற்றரி சார்ஜ் ஆவதைக் கட்டுப்படுத்தும் கொன்ட்ரோலர், பியூஸ் என்றவுடன் எல்லோருக்கும் சிக்கனம் ஞாபகம் வந்துவிடும். கோளாறு அதிகம் வருவதும் அந்த இடையில்தான்.

கடைக்குப் போகுமுன் ஒரு துண்டில் கணக்கு எழுதுங்கள். இரண்டு எல்இடி பல்ப், இரவு முழுக்க ஓடும் சின்ன 12 வோல்ட் காற்றாடி, இரண்டு போன்: எல்லாம் சேர்த்து நாளைக்கு 200 வாட்-மணிக்குள் அடங்கும். நம் ஊர் வெயிலில் 100 வாட் பனல் ஒன்று நல்ல நாளில் 350 வாட்-மணி அளவில் தரும். ஆகவே தாராளம். ஆனால் கொம்பிரசர் குளிர்பெட்டி ஒன்றை ஏற்றினால் கதை மாறும். நம் சூட்டில் அது மட்டுமே 400, 500 என்று கேட்கும். 200 வாட்டுக்குக் குறைந்த பனலை யோசிக்கவே வேண்டாம். மின்கேத்தல் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். 1500 வாட் கேத்தல் 12 வோல்ட் பற்றரியிலிருந்து 125 அம்பியருக்கு மேல் இழுக்கும். காஸ் அடுப்பு இருக்கிறதுதானே? பற்றரி மின்சாரத்தை வீட்டு 230 வோல்ட்டாக மாற்றும் இன்வெர்ட்டரை நாள் முழுக்க ஒன் செய்து வைப்பதும் இதே வகைதான். ஒன்றும் செருகாவிட்டாலும் அது 10 வாட் அளவில் தின்றுகொண்டிருக்கும். ஒரு நாள் முடியும்போது உங்கள் காற்றாடி, விளக்கு, போன் எல்லாவற்றையும் அது மிஞ்சியிருக்கும்.

இனி, காசு அதிகம் போகிற இடம். வீட்டுக் கூரைக்கான 550 வாட் பனல் வாட் கணக்கில் பார்த்தால் மலிவு. "சின்னதை ஏன் வாங்குவான், இதையே போடுவோம்" என்று தோன்றும். அந்தப் பனல் வேலை செய்வது 41 வோல்ட்டுக்குக் கிட்ட, 13 அம்பியரில். அதை மலிவான பிடபிள்யூஎம் (PWM) வகைக் கொன்ட்ரோலர் வழியாக 12 வோல்ட் பற்றரிக்குக் கொடுத்தால், கொன்ட்ரோலர் பனலைப் பற்றரியின் வோல்ட்டுக்கே இழுத்து இறக்கிவிடும். அம்பியரோ அதிகரிக்காது. 13 அம்பியரை 13.5 வோல்ட்டால் பெருக்கிப் பாருங்கள்: 175 வாட். மிச்சம் 375 வாட் உங்கள் கைக்கு வரவே வராது. அதோடு, சுமை எதுவும் இல்லாதபோது அந்தப் பனலின் வோல்ட் 50ஐத் தொடும். நுவரெலியாவின் காலைக் குளிரில் இன்னும் ஏறும். 50 வோல்ட் வரைதான் தாங்கும் சிறிய கொன்ட்ரோலர் அதிலேயே போய்விடலாம். இந்தப் பனல் வேண்டுமென்றால் 100 வோல்ட் தாங்கும் எம்பிபிடி (MPPT) கொன்ட்ரோலர், அதாவது கூடுதல் வோல்ட்டை அம்பியராக மாற்றித் தரும் வகை, கட்டாயம். இல்லையென்றால் 18 வோல்ட்டில் வேலை செய்யும் 100 வாட் பனல்களையே வாங்குங்கள். அவற்றுக்குப் பிடபிள்யூஎம் ஓரளவு போதும்.

பெட்டியில் எம்பிபிடி என்று எழுதியிருப்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். உள்ளே பிடபிள்யூஎம் இருக்கும் போலிகள் ஏராளம். உண்மையான எம்பிபிடிக்குள் செப்புச் சுருள் இருக்கும், அதனால் கையில் கனக்கும். பூட்டிய பிறகு, வயரைச் சுற்றிப் பிடித்து டிசி (நேரோட்ட) அம்பியர் அளக்கும் கிளாம்ப் மீற்றர் வைத்துப் பாருங்கள். பற்றரி குறைந்திருக்கும் நேரத்தில் பனலிலிருந்து வரும் அம்பியரும் பற்றரிக்குப் போகும் அம்பியரும் ஒன்றாகவே இருந்தால், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வயர் விடயத்தில் வீட்டு வயரிங் பழக்கம் கெடுக்கிறது. 230 வோல்ட்டில் அரை வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் அது பெரிய இழப்பு. கடையில் 7/.67 என்று கேட்டால் வருவது 2.5 சதுர மில்லிமீற்றர் வயர். ஐந்து மீற்றர் தூரத்துக்கு 10 அம்பியரை அதில் அனுப்பினால், போக வரச் சேர்த்து 0.7 வோல்ட் வழியிலேயே சூடாகிப் போய்விடும். பற்றரி நிறைய 14.4 வேண்டும், 13.7 வந்தால் எப்படி நிறையும்? 6 சதுர மில்லிமீற்றர் போட்டால் இழப்பு 0.3க்குள் வந்துவிடும். விலை கூடத்தான், ஆனால் தேவை சில மீற்றர்கள்தானே.

பியூஸ் பற்றரியின் பொசிட்டிவ் முனைக்கு ஒட்டியே இருக்க வேண்டும், கொன்ட்ரோலர் பக்கத்தில் அல்ல. ஓடும் வாகனத்தில் வயர் தகட்டில் உரசித் தோல் கிழிந்தால், நடுவில் பியூஸ் இல்லாத அந்தத் துண்டு பழுத்துத் தீப்பிடிக்கும். இது உயிரோடு விளையாடும் தவறு. வீட்டு ஏசி (ஆடலோட்ட) மின்சாரத்துக்கான பிரேக்கரை இங்கே போடவும் கூடாது. டிசி மின்பொறியை அது சரியாக அணைக்காது. இணைக்கும்போது முதலில் பற்றரி, அப்புறம் பனல்; கழற்றும்போது மறுபக்கமாக. கொன்ட்ரோலர் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று பற்றரியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது.

பற்றரிக்கு வருவோம். வாகனம் ஸ்டார்ட் பண்ணும் பற்றரி இதற்குச் சரிவராது. ஆழமாக இறக்கி ஏற்றினால் சீக்கிரம் செத்துவிடும். ஆழமாக இறக்கி ஏற்றவென்றே செய்த டீப் சைக்கிள் ஈயப் பற்றரியையும் பாதிக்கு மேல் இறக்காதீர்கள். 100 அம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் 50 என்றே எண்ணுங்கள். சார்ஜ் ஆகும்போது அது ஹைட்ரஜன் விடும், எனவே கட்டிலுக்குக் கீழே மூடி வைக்காமல் வெளியே காற்றுப் போக வழி வையுங்கள். லித்தியம் இரும்புப் பொஸ்பேட் (LiFePO4) பற்றரி எடுத்தால் கொன்ட்ரோலரில் அதற்குரிய தெரிவை மாற்றி, ஈயப் பற்றரிக்கு இடையிடையே கூடிய வோல்ட் கொடுக்கும் ஈக்குவலைஸ் என்பதை நிறுத்திவிடுங்கள். பலர் ஈயப் பற்றரிக்கான அமைப்பிலேயே விட்டுவிடுகிறார்கள்.

கூரையில் 30 பாகை சரிவு வேண்டும் என்று வெளிநாட்டு வீடியோக்கள் சொல்லும். கொழும்பு வட அகலாங்கு 7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்தில் மத்தியானச் சூரியன் நேரே உச்சந்தலையில். தட்டையாகப் படுக்க வைத்தாலே போதும். காகம் எச்சமிட்டால் மட்டும் துடைத்துவிடுங்கள், கொழும்பில் அது அன்றாட வேலை. சரிவை விடக் காற்று இடைவெளிதான் முக்கியம். தகட்டோடு ஒட்டினால் பனல் 65 பாகைக்குச் சூடாகி, விளைச்சலில் ஏழில் ஒரு பங்கு குறையும். ரூஃப் ரக்கின் நிழல் ஒரு கோடாக விழுந்தாலும் பாதி மின்சாரம் போகலாம். மரநிழலில் நிறுத்தும் ஆசை எல்லோருக்கும் உண்டு, தப்பில்லை. ஒரு பனலைக் கழற்றி வெயிலில் வைக்க நீளமான வயர் வைத்துக்கொள்ளுங்கள்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கு மழைமுகில் கொழும்புப் பக்கம். அந்த நாட்களில் கிழக்குக் கரையில் நல்ல வெயில். வடகீழ்ப் பருவக்காற்றில் மறுபக்கம். எப்படியோ, புறப்படுவதற்கு முதல் இரவு வீட்டுப் பிளக்கில் சார்ஜரைப் போட்டு பற்றரியை நிரப்பிக்கொண்டு போவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.