ஊர்ப் பள்ளியில் சம்பளமும் படிப்பும்: கணக்கெடுக்கும் முறை

"மாசம் அம்புட்டுச் சம்பளம் வாங்குதாவ, அஞ்சாப்புப் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டத் தெரியலியே" என்ற பேச்சு நெல்லை மாவட்டத்து மானூர், பாப்பாக்குடிப் பக்கத்து டீக்கடைகளுக்குப் புதிதல்ல. அதே ஊர்ப் பள்ளிக்குள் போனால் "ரெண்டு பேரு அஞ்சு கிளாஸை வச்சு ஓட்டுதோம், இதுல சம்பளக் கணக்கு வேற" என்பார்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். எது எவ்வளவு என்று தெரிய, பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் நான்கு பெற்றோரும் ஒரு நாற்பது பக்க நோட்டும் ஒரு கல்வியாண்டும் போதும்.

முதலில் கேள்வியை உடைக்க வேண்டும். "சம்பளம் கூடினால் படிப்பு கூடுமா" என்று மொத்தமாகக் கேட்டால் விடை வராது. இருக்கிற ஆசிரியரின் சம்பளம், காலிப் பணியிடத்தில் தற்காலிகமாக நிற்பவரின் சம்பளம், சம்பளம் இங்கே விழுந்து ஆள் வேறிடத்தில் இருப்பது என மூன்று சங்கதி அதற்குள் கிடக்கிறது. மூன்றும் பிள்ளையின் படிப்பைத் தொடும் வழி வேறு வேறு.

நோட்டின் முதல் பக்கம்: பணியிடம்

தலைமையாசிரியரிடம் கேட்டு ஒவ்வொரு பணியிடத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்: பதவி, அனுமதிக்கப்பட்டதா, ஆள் இருக்கிறாரா, காலி என்றால் எந்தத் தேதியிலிருந்து, இப்போது யார் பார்க்கிறார். பெயர் வேண்டாம், பதவி போதும். பணியாளர் நிர்ணயம் ஆகஸ்ட் 1-ஆம் தேதி வருகைப் பதிவேட்டில் இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துச் செய்யப்படுவதால், அந்த எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் அட்டவணைப்படி 1 முதல் 5 வகுப்பு வரை மொத்தம் 60 பிள்ளைகள் வரை இருந்தால் 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4. நடுநிலையில் வகுப்புக்கு ஒருவராவது வேண்டும். கணக்கும் அறிவியலும், சமூக அறிவியல், மொழி ஆகியவற்றுக்குத் தனித்தனி ஆள் வேண்டும். அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவு, அனுமதிக்கப்பட்ட இடங்களில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் காலி இருக்கக் கூடாது என்கிறது.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, பதிவேட்டில் பெயர் இருந்தால் ஆள் இருப்பதாக எடுத்துக்கொள்வது. மாற்றுப்பணியில், அதாவது தற்காலிகமாக வேறு பள்ளிக்குப் போனவருக்குச் சம்பளம் இந்தப் பள்ளிக் கணக்கில்தான் விழும், அவர் நிற்கும் வகுப்போ வேறு ஊரில் இருக்கும். கணினியில் காலியிடமே தெரியாது. ஆகவே "பணியில் உள்ளார்", "இங்கே பணியில் உள்ளார்" என்று இரண்டு கட்டம் போடுங்கள்.

நெல்லைச் சீமையில் இன்னொன்றும் உண்டு. மிஷன் காலத்திலிருந்து வரும் உதவிபெறும் பள்ளிகள் இங்கே ஏராளம். அங்கே நியமனம் நிர்வாகத்தின் கையில், அனுமதிக்கப்பட்ட இடத்துக்குச் சம்பளம் அரசு கஜானாவிலிருந்து. ஒப்புதல் வராத நியமனத்துக்கு அரசுப் பணம் வராது. நிர்வாகம் கொடுப்பதுதான் கூலி. பிள்ளையின் கண்ணுக்கு இருவரும் டீச்சர்தான். 2012 திருத்தத்துக்குப் பிறகு உதவிபெறும் பள்ளிகளில் மேலாண்மைக் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே இருப்பதால், அங்கே கேள்வியைத் தாளாளருக்கு எழுத்தில் கொடுங்கள்.

இரண்டாம் பக்கம்: சம்பளம்

டீக்கடைத் தொகையை நம்பாதீர்கள். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் தமிழ்நாட்டில் தொடக்க வகுப்புகளை நடத்தும் இடைநிலை ஆசிரியரின் அடிப்படை ஊதியம் 20,600 ரூபாயில் தொடங்குகிறது. பட்டதாரி ஆசிரியருக்கு 36,400, முதுகலை ஆசிரியருக்கு 36,900. ஆண்டுக்கு 3 சதவீத உயர்வு, 10 ஆண்டில் தேர்வுநிலை, 20 ஆண்டில் சிறப்புநிலை என்ற கூடுதல் ஊதிய நிலைகள். அகவிலைப்படி அடிப்படையின் மேல் சதவீதமாக ஏறும். படி 50 சதவீதம் என்று வைத்தால் புதிதாக வந்த இடைநிலை ஆசிரியருக்கு 20,600 + 10,300 = 30,900, அதோடு வீட்டு வாடகைப்படி. பக்கத்து அறையில் அதே மூன்றாம் வகுப்புப் பாடத்தை நடத்தும் முப்பது ஆண்டு அனுபவசாலி இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வாங்கலாம். ஏணி ஏறுவது வருஷக் கணக்கில், பிள்ளை வாசித்ததா என்ற கணக்கில் அல்ல.

அனுபவம் மட்டுமே காரணம் என்றும் எழுதிவிடாதீர்கள். 2009 ஜூன் 1 முதல் பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை 5,200 என்றும், அதற்கு முந்தைய நாள் வரை சேர்ந்தவருக்கு 8,370 என்றும் வைத்த வித்தியாசம் இன்றும் தொடர்கிறது. 2018 டிசம்பரில் சென்னைக் கல்வித்துறை வளாகத்தில் ஆசிரியர்கள் உண்ணாவிரதம் இருந்தது இதற்காகத்தான்.

அடுத்து தற்காலிகம். 2022-இல் மேலாண்மைக் குழு வழியாக எடுத்தபோது இடைநிலைக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000 என்று அறிவித்தார்கள். பிறகு 12,000, 15,000, 18,000 ஆக்கினார்கள். முதலில் அறிவித்த 7,500-ஐ 22 வேலை நாளால் வகுத்தால் நாளுக்குச் சுமார் 340 ரூபாய்தான் வரும். சித்தாள் கூலிக்கும் கீழே. பாளையங்கோட்டையில் ஆசிரியர் பட்டயப் பயிற்சி முடித்த ஒருவர் இந்த மாதிரிக் காசுக்கு ராதாபுரம் பக்கத்துக் கிராமத்துக்குத் தினமும் பஸ் ஏறுவார், ஆனால் வேறு வேலை கிடைக்கும் வரைக்கும்தான். எனவே தொகையோடு நிறுத்தாமல், அந்தச் சம்பளம் எந்தெந்தத் தேதியில் கையில் கிடைத்தது, இந்த ஆண்டில் எத்தனை பேர் மாறினார்கள் என்பதையும் எழுதுங்கள். எங்கள் பார்வையில் இந்தப் பக்கத்தின் உயிரான வரி அதுதான்.

மூன்றாம் பக்கம்: வகுப்பில் இருந்த நேரம்

இது உளவு வேலை அல்ல. தலைமையாசிரியருக்குச் சொல்லிவிட்டே செய்யுங்கள். சொல்லாமல் செய்தால் இரண்டாம் நாளே பள்ளிக்கும் ஊருக்கும் சண்டை வரும், நோட்டு மூலையில் கிடக்கும். ஒரு பருவத்தில் பத்து நாளைத் தேர்ந்தெடுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை ஒவ்வொன்றும் இரண்டு முறை வரட்டும். காலையில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை, ஐந்து வகுப்பையும் பாருங்கள். 10 நாள் × 2 முறை × 5 வகுப்பு = 100 பார்வை. எண்ணுவதே சதவீதம், கால்குலேட்டர் வேண்டாம்.

குறியீடு நான்கு போதும். "பா" என்றால் ஆசிரியர் அந்த வகுப்புக்குப் பாடம் நடத்துகிறார். "சே" என்றால் இரண்டு மூன்று வகுப்பு சேர்ந்து உட்கார்ந்து பாடம் நடக்கிறது. "வே" என்றால் ஆசிரியர் பள்ளியில் இருக்கிறார், ஆனால் எமிஸ் (பள்ளிக்கல்வித் துறையின் இணையத் தகவல் தளம்) பதிவு, புள்ளிவிவரம், வாக்காளர் பட்டியல் போன்ற வேறு வேலையில். "இ" என்றால் ஆளில்லை. பக்கத்தில் விடுப்பா, பயிற்சியா, காலியிடமா என்று காரணம் குறியுங்கள்.

ஈராசிரியர் பள்ளியில் ஒரு விஷயம் தானாகவே வெளிப்படும். ஐந்து வகுப்பையும் தனித்தனியாக நடத்தினால், இருவரும் ஒரு நிமிடம்கூட வீணாக்காவிட்டாலும், ஒரு வகுப்புக்குக் கிடைப்பது நேரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. 1 முதல் 5 வகுப்புக்குச் சட்டம் சொல்லும் 800 மணி நேரத்தில் 320. சட்டப்படி எல்லாம் சரி, காலியிடம் இல்லை, சம்பளம் தவறாமல் வருகிறது. ஆனால் பிள்ளைக்கு 320 மணி நேரம். இந்த ஓட்டையைச் சம்பள உயர்வு அடைக்காது. வகுப்பைப் பார்க்காமல், எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைப் பிரிக்கும் அரும்பு, மொட்டு, மலர் போலக் கற்றல் நிலையைப் பார்த்துச் சேர்த்து உட்கார வைத்தால் ஓரளவு அடைபடும். அதனால்தான் "சே" தனிக் குறியீடு. அதை "இ"யோடு சேர்த்து எண்ணிவிடாதீர்கள்.

நான்காம் பக்கம்: வாசிப்பு

ஜூலையில் ஒருமுறை, பிப்ரவரியில் ஒருமுறை. 3, 4, 5 வகுப்பில் மொத்தம் 30 பிள்ளைக்குள் என்றால் எல்லோரையும் கேளுங்கள். கூடுதல் என்றால் வருகைப் பதிவேட்டில் மூன்றாவது, ஆறாவது, ஒன்பதாவது என்று எடுங்கள். "நல்லா வாசிக்கிற பிள்ளையக் கூப்பிடுதேன்" என்று யாராவது உதவிக்கு வந்தால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

ஒரு தாளில் ஐந்து எழுத்து, ஐந்து எளிய சொல், நான்கு வரிப் பத்தி, எட்டுப் பத்து வரிக் கதை. பாடப்புத்தகத்துப் பத்தியை எடுக்காதீர்கள், பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பித்துவிடும். தனித்தனியாக, வேப்பமரத்தடி போல இரைச்சல் இல்லாத இடத்தில், வகுப்பாசிரியர் அல்லாத ஒருவர் கேட்க வேண்டும். முதலில் பத்தி. மூன்று பிழைக்குள் வாக்கியமாக வாசித்தால் கதைக்குப் போங்கள். முடியாவிட்டால் சொல்லுக்கு, பிறகு எழுத்துக்கு. சொல்லிலும் எழுத்திலும் ஐந்துக்கு நான்கு சரி என்றால் அந்த நிலை தேறியது. நம் பக்கம் "வாழை" என்பதை "வாளை" என்று சொல்வது வழக்கம். அது பேச்சு, பிழையாக எண்ணாதீர்கள். "வாழை" என்ற இடத்தில் "மாலை" என்று வாசித்தால் பிழை.

கணக்குக்கு 62 - 37 போலக் கடன் வாங்கும் கழித்தல் இரண்டு. இரண்டும் சரியானால் 879 ÷ 7 போல ஒரு வகுத்தல். அவ்வளவுதான்.

சேர்த்துப் பார்க்கும்போது

நான்கு பக்கத்தையும் வகுப்புவாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரே ஆசிரியர் ஆண்டு முழுக்க இருந்த வகுப்பில் ஜூலைக்கும் பிப்ரவரிக்கும் இடையே எத்தனை பிள்ளை ஒரு நிலையாவது ஏறியது? ஆள் மாறிக்கொண்டே இருந்த வகுப்பில் எத்தனை? ஆறு பிள்ளை உள்ள வகுப்பில் ஒரே பிள்ளை 17 சதவீதம் என்பதால், சதவீதம் போடாமல் ஆளெண்ணிக்கையாகவே எழுதுங்கள்.

வண்ணார்பேட்டை மெட்ரிக் பள்ளியோடு ஒப்பிடாதீர்கள். "அங்க டீச்சருக்குச் சம்பளம் கம்மி, பிள்ளை இங்கிலீஷ் பேசுது" என்ற வாதம் கட்டாயம் வரும். அந்தப் பிள்ளைக்கு வீட்டில் டியூசன் உண்டு. இந்தப் பிள்ளை சாயங்காலம் அம்மாவுக்குப் பீடி இலை வெட்டிக் கொடுக்கிறது. ஆந்திரத்தில் குலுக்கல் முறையில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு அனுப்பிப் பார்த்த ஆய்வில், தெலுங்கிலும் கணக்கிலும் வித்தியாசம் இல்லை. இந்தியில் மட்டும் முன்னேற்றம். தனியார் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஆன செலவோ, அரசுப் பள்ளியில் ஆவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

வெளியில் நடந்த சோதனைகளும் சம்பளம் கூடினால் படிப்பு கூடுமா என்பதையே சுற்றுகின்றன. இந்தோனேசியாவில் தகுதிச் சான்று பெற்ற ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளத்தை இரட்டிப்பாக்கினார்கள். ஆசிரியரின் மனநிறைவு கூடியது, பக்க வேலைகள் குறைந்தன, இரண்டு மூன்று ஆண்டுக்குப் பிறகும் பிள்ளைகளின் மதிப்பெண் நகரவில்லை. ஆந்திரத்தில் பிள்ளைகளின் முன்னேற்றத்தோடு கட்டிய ஊக்கத்தொகை, ஆண்டுச் சம்பளத்தில் சுமார் 3 சதவீதம்தான், மதிப்பெண்ணை உயர்த்தியது. தமிழ்நாட்டில் மாதம் 1,000 ரூபாய் பெற்ற இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்கள், கொரோனாக் கால இழப்பை மீட்டதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குக்குக் காரணம். இதைக் கேட்டு "அப்படியானால் ஆயிரம் ரூபாயே போதுமே" என்பவர்கள் உண்டு. தன்னார்வலர் நின்றது மாலையில், பள்ளி ஆசிரியர் பகலில் நடத்தியதன் மேல். அவருக்குப் பதிலாக அல்ல. அதோடு, சம்பளம் குறைந்தால் அடுத்த பத்தாண்டில் ஆசிரியர் பயிற்சிக்கு யார் வருவார் என்பதை இரண்டு ஆண்டுச் சோதனை காட்டாது.

அதன்பின்

காரணம் காலியிடம் என்று தெரிந்தால், மேலாண்மைக் குழுத் தீர்மானத்தில் பதவி, காலியான தேதி, பாதித்த வகுப்பு, "இ" எண்ணிக்கை ஆகிய நான்கையும் எழுதுங்கள். "நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று மட்டும் எழுதிய தீர்மானம் கோப்பில் தூங்கும். தொடக்க, நடுநிலைப் பள்ளி என்றால் நகல் வட்டாரக் கல்வி அலுவலருக்கு, பிறகு மாவட்டக் கல்வி அலுவலருக்கு. அடுத்த கிராம சபையிலும் பதியுங்கள். பதில் இல்லையென்றால் திங்கள்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் கொடுத்து, மனு எண்ணை நோட்டில் ஒட்டுங்கள்.

காரணம் தாமதமான தற்காலிகச் சம்பளம் என்றால் தகவல் உரிமை மனு நல்ல கருவி: 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப், பதிலுக்கு 30 நாள். "தற்காலிக ஆசிரியருக்கான தொகை பள்ளி வங்கிக் கணக்குக்கு மாதவாரியாக வந்த தேதிகள்" என்று கேளுங்கள். "ஏன் தாமதம்" என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள்.

ஆள் இருந்தும் "வே" கூடுதல் என்றால் கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவைக் காட்டலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது. ஆள் இருந்து, பாடமும் நடந்து, வாசிப்பு மட்டும் ஏறவில்லை என்றால் சம்பளப் பேச்சை ஓரமாக வைத்துவிட்டு, எழுத்து நிலையிலேயே நிற்கும் பிள்ளைகளின் பட்டியலோடு வகுப்பாசிரியரிடம் உட்காருங்கள்.

பொது மாறுதல் கலந்தாய்வுக்கு முன்பே நோட்டின் முதல் பக்கத்தைப் புதிதாக எழுதி வையுங்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது யார் போனார், யார் வந்தார் என்பதை அதோடுதான் ஒப்பிட வேண்டும்.