மணல் எங்கே போனது? வகுப்பறை அறிவியல் மாதிரிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியல் நடத்தும் புதுச்சேரி ஆசிரியருக்கு, கடற்கரைச் சாலையைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடையாது. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகம் கட்டினார்கள். அதன் பிறகு வடக்கே நகரத்தின் மணற்பரப்பு அரித்துப் போனது. பாறாங்கல்லைக் கொட்டிக் கரையைக் காக்க வேண்டியதாயிற்று. ஏன் இப்படி ஆனது என்பதற்கு மாணவர்களே ஒரு மாதிரியை உருவாக்கலாம். ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு.

கண்காட்சிக்குச் செய்வதுபோல் தெர்மாகோலுக்கு நீல வண்ணம் பூசி, பொம்மைக் கப்பல் ஒட்டிக் கொண்டுவருவார்கள். (பாதி வேலை அப்பாவுடையது என்பது எல்லோருக்கும் தெரியும்.) அழகாகத்தான் இருக்கும், எதையும் விளக்காது. மணல் எங்கிருந்து வருகிறது, எது தள்ளுகிறது, எங்கே நிற்கிறது என்று அம்புக்குறி போட்ட கோணல்மாணலான பென்சில் படமே அறிவியல் மாதிரி. அழகுக்கு மதிப்பெண் போடாதீர்கள்.

விடையைக் கரும்பலகையில் முதலிலேயே எழுதிவிடுவது இன்னொரு தவறு. அதைவிட மோசமானது, பிள்ளைகளின் முதல் ஊகத்தை அங்கேயே வெட்டிவிடுவது. "கடல் மட்டம் உயர்ந்துவிட்டது" என்று ஒரு மாணவி சொல்லக்கூடும். சொல்லட்டும், வரையட்டும். பிறகு துறைமுகத்தின் இருபுறமும் தெரியும் செயற்கைக்கோள் படத்தைக் கொடுங்கள். தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்திருக்கிறது. கடல் மட்டம் மட்டுமே காரணம் என்றால் அங்கும் அல்லவா கரை குறைந்திருக்க வேண்டும்? தன் படத்தால் இதை விளக்க முடியவில்லை என்று அவளே கண்டுகொள்வாள். அப்போதுதான் அலைகள் மணலைக் கரையோரமாக நகர்த்துவதைப் பற்றிப் பேச வேண்டும்: தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வடக்கே, வடகிழக்குப் பருவக்காற்றில் தெற்கே, மொத்தத்தில் வடக்கே போவதே அதிகம். அந்த ஓட்டத்தைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் மறிக்கிறது.

பழைய படத்தை அழிக்க ரப்பர் கொடுக்க வேண்டாம். தேதி போட்டு வைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தில் புதிதாக வரையட்டும்.

தட்டில் மணலும் நீரும் வைத்துச் சோதிப்பது நல்லதே. ஆனால் ஒரே பக்கமாக அலை எழுப்பிவிட்டு, கடலே இப்படித்தான் என்று முடித்துவிடக் கூடாது. பருவத்துக்குத் திசை மாறுவது அந்தத் தட்டில் இல்லை என்பதையும் மாணவர்கள் எழுத வேண்டும்.

2018இல் தலைமைச் செயலகம் அருகே கடலுக்குள் எஃகுத் தடுப்பு ஒன்றை இறக்கினார்கள். அங்கே கரை என்ன ஆகியிருக்கும் என்று தங்கள் மாதிரியை வைத்து ஊகிக்கச் சொல்லுங்கள். எழுதி முடித்த பிறகே கடற்கரைக்கு அழைத்துப் போங்கள்.