பீடி சுற்றும் தெருவில் பெண்களின் படங்களைத் திரையிடும் முறை

முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கங்களில் பீடி சுற்றும் பெண்கள், மடியில் சுளவை (முறத்தை) வைத்துக்கொண்டு, தொலைக்காட்சியைக் காதால் கேட்டபடியே இலையை மடக்கி நூல் கட்டுவதில் தேர்ந்தவர்கள். பெண்களை மையமாகக் கொண்ட தமிழ்ப் படங்களை அவர்களுக்காக மாதம் ஒன்றாகத் திரையிட விரும்புகிறவர்கள், ஒவ்வொரு படத்தையும் முதலில் தாங்கள் முழுவதும் பார்த்து, அது கை வேலையோடு கேட்கத்தக்கதா, சுளவை இறக்கி வைத்துவிட்டுப் பார்க்க வேண்டியதா என்று பிரித்துக்கொள்ள வேண்டும். இந்தப் பிரிவினையைச் செய்யாமல் போனால் மிக நல்ல படமும் பாதியில் கலைந்துவிடும்.

தேர்வுக்கு ஓர் அளவுகோல் தேவை. கதாநாயகி எத்தனை காட்சிகளில் வருகிறார் என்பதை எண்ணுவதைவிட, கதை யாருடைய முடிவால் நகர்கிறது என்று பார்ப்பதே சரியான வழி. நம் நெல்லைச் சீமையின் எழுத்தாளர் புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து உருவான ‘உதிரிப்பூக்கள்’ (1979) எனக்கு மிகவும் பிடித்த படம். அதில் அஸ்வினி ஏற்ற லட்சுமியின் துயரம் எளிதில் மறக்கக்கூடியது அல்ல. ஆயினும் அந்தக் கதையை நகர்த்துவது அவளுடைய கணவனின் குரூரமே ஆதலால், மனமில்லாமல்தான் அதை இந்த வரிசைக்கு வெளியே வைக்கிறேன்.

முதல் நாளில் சிரிப்பு இருக்க வேண்டும். சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய ‘மகளிர் மட்டும்’ (1994) அதற்குப் பொருத்தமானது. ரேவதி, ஊர்வசி, ரோகிணி மூவரும் சேர்ந்து, அலுவலகத்தில் தொல்லை தரும் மேலதிகாரியை மடக்கும் கதை. நாகேஷ் பிணமாகவே நடித்திருக்கும் பகுதிக்குச் சிரிக்காத ஆச்சிகளை நான் கண்டதில்லை. வேலை செய்யும் இடத்தில் நேரும் தொல்லையைப் பற்றிப் பொதுவில் பேசத் தயங்குகிறவர்கள்கூட, இந்தப் படம் முடிந்ததும் தாமாகவே பேசத் தொடங்குவார்கள்.

அடுத்ததாக, கை வேலையோடு கேட்கத்தக்க படமாக, கே. பாலசந்தரின் ‘அவள் ஒரு தொடர்கதை’யை (1974) வைக்கலாம். சுஜாதா ஏற்ற கவிதாவின் சம்பளத்தில்தான் வீடு முழுவதும் சாப்பிடுகிறது. கதையின் பெரும்பகுதியை வசனமே தாங்கி நிற்பதால், கண் இலையில் இருந்தாலும் எதுவும் தவறிப் போகாது.

பாலுமகேந்திராவின் ‘வீடு’ (1988) அப்படிப்பட்டதன்று. அதில் பாடல்களே இல்லை, வசனமும் குறைவு. ஆகவே பீடிக் கடைக்கு விடுமுறையான நாளில்தான் அதைத் திரையிட வேண்டும். தாத்தாவோடும் தங்கையோடும் வாடகை வீட்டில் வாழும் சுதா, கையில் இருக்கும் சிறிய மனையில் ஒரு வீட்டை எழுப்ப முயல்கிறாள் என்பதுதான் கதை. சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. பாதி எழும்பிய வீட்டைப் பார்க்கத் தனியாக வரும் தாத்தா, சொக்கலிங்க பாகவதர், பூசாத சுவரைக் கையால் தடவிப் பார்க்கும் காட்சியில் ஒருவரும் எழுந்து நடமாடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் காப்பியும் அதற்கு முன்பே கொடுத்து முடித்திருக்க வேண்டும். சிமென்ட் களவு போவதைக் கட்டட வேலை செய்யும் மங்கம்மா சுதாவிடம் அம்பலப்படுத்தும் இடம் நம் பெண்களுக்கு மிக நெருக்கமானது. கடையில் இலை குறைவாக வந்தால் அந்தக் குறையைத் தங்கள் கைக்காசால் ஈடுகட்டிப் பழகியவர்கள் அவர்கள்.

முழுப் படத்துக்கு நேரம் கிடைக்காத வாரங்களில், வசந்த் இயக்கிய ‘சிவரஞ்சனியும் இன்னும் சில பெண்களும்’ கைகொடுக்கும். அசோகமித்திரன், ஆதவன், ஜெயமோகன் ஆகியோரின் கதைகளைத் தழுவிய மூன்று பகுதிகள் அதில் உள்ளதால், மாலைக்கு ஒரு பகுதியாகக் காட்டலாம். லட்சுமிப்ரியா சந்திரமௌலி நடித்த மூன்றாம் பகுதியைத் திருமணமான இளம் பெண்கள் வரும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டப்பந்தய வீராங்கனையாக இருந்தவள் அடுக்களைக்குள் அடங்கிப் போவதை அது காட்டுகிறது.

‘கொட்டுக்காளி’யை (2024) அவசரப்பட்டுக் காட்ட வேண்டாம். பின்னணி இசையே இல்லாத அந்தப் படத்தில் அன்னா பென் ஏற்ற மீனா ஏறக்குறைய முழுவதும் மௌனமாகவே இருக்கிறாள். நான்கைந்து படங்களைச் சேர்ந்து பார்த்துப் பழகிய கூட்டத்துக்குத்தான் அந்த மௌனம் எட்டும். சாதி கடந்த காதலைப் பற்றியது என்பதால், தெருவின் நிலவரம் அறிந்த மூத்த பெண் ஒருவரிடம் முன்கூட்டியே கலந்து பேசுவது அவசியம்.

ஏற்பாடுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சாரல் காலத்துக் காற்றில் முற்றத்தில் கட்டிய வேட்டி நிற்காது; வெள்ளையடித்த சுவரே போதும். ஒலிபெருக்கியைத் திரையருகே வைக்காமல் பின்வரிசைக்கும் கேட்கும்படி நடுவில் வையுங்கள். முறையாக வாங்கிய பிரதியையே பயன்படுத்துங்கள். எல்லோருக்கும் அறிவித்து நடத்தும் பொதுத் திரையிடல் என்றால் உரிமையாளரின் அனுமதியைப் பெற வேண்டும். தணிக்கைச் சான்றிதழைப் பார்த்த பிறகே குழந்தைகளை அழைத்து வரச் சொல்லுங்கள்.

படம் முடிந்ததும் “எப்படி இருந்தது?” என்று கேட்டால், “நல்லாத்தான் இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு எல்லோரும் எழுந்துவிடுவார்கள். ஒரு பாத்திரத்தின் ஒரு முடிவைச் சுட்டிக் கேளுங்கள்: “மதினி, மங்கம்மா இடத்துல நீங்க இருந்தா சிமென்ட் போற விஷயத்தைச் சுதாட்ட சொல்லியிருப்பீங்களா, வேலை போயிரும்னு பேசாம இருந்திருப்பீங்களா?” இவ்வாறு கேட்டால் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதிடுவார்கள். அந்த வாதத்தில் நீங்கள் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆண்கள் பார்க்க வந்தால் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் பெண்கள் பேசி முடித்த பிறகே அவர்கள் பேச வேண்டும் என்பதைப் படம் தொடங்கும் முன்பே அறிவித்துவிடுங்கள்.