வன்னியில் பழைய காரை மாற்றுவதற்கு முன்

காரை மாற்றுவது என்று தீர்மானிப்பதற்கு முன், நம்பிக்கையான கராச் ஒன்றில் அதைத் தூக்கிவைத்து அடிப்பகுதியைப் பார்ப்பித்துக்கொள்ளுங்கள். எஞ்சினும் கியர்பொக்ஸும் செலவு செய்தால் சரிவரும். சேஸ் எனப்படும் அடிச்சட்டமும் தளத் தகடும் துருப்பிடித்து உக்கிய காருக்குப் போடும் காசு வீண். முல்லைத்தீவு, மன்னார் கரையோரங்களில் உப்புக்காற்றில் நின்ற வாகனங்களை இந்தக் கண்கொண்டே பார்க்க வேண்டும்.

திருத்தச் செலவு காரின் பெறுமதியில் பாதியைத் தாண்டினால் விற்றுவிட வேண்டும் என்று வெளிநாடுகளில் சொல்லப்படும் கணக்கு நமக்குப் பொருந்தாது. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு மீண்டும் அனுமதிக்கப்பட்டபோதிலும், வரிச்சுமையால் புதிய கார் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாததாகவே இருக்க, பழைய கார்களின் விலையும் உயர்ந்தே நிற்கிறது. ஆகவே திருத்தச் செலவை, உங்கள் காரை விற்று வரும் காசுக்கும் அடுத்த காருக்குக் கொடுக்க வேண்டிய காசுக்கும் உள்ள வித்தியாசத்தோடு ஒப்பிடுங்கள். அந்த வித்தியாசத்தின் ஒரு பகுதியிலேயே எஞ்சினை முழுமையாகச் செய்துவிடலாம் என்றால், சேஸ் நன்றாக இருக்கும்வரை பழைய காரையே வைத்திருப்பதுதான் என் அபிப்பிராயத்தில் சரி.

மாற்றத்தான் வேண்டும் என்றால், ஓடப்போகும் வீதியை முதலில் நினையுங்கள். ஏ-9 வழியே கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் போய்வருபவருக்கு எந்தச் சிறிய காரும் போதும். துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிரவல் வீதிகளிலும் வாய்க்கால் கரைகளிலும் அன்றாடம் ஓடுபவர், அடிப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எரிபொருள் மிச்சம் என்று டொயோட்டா அக்குவா போன்ற, பெற்றோலோடு பற்றரியாலும் ஓடும் ஹைபிரிட் கார்களைத் தேடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பற்றரியைக் குளிர்விக்கும் காற்று பின் இருக்கையின் பக்கமாகவே உள்ளே இழுக்கப்படுவதால், செம்மண் புழுதி அந்த வழியை அடைத்துப் பற்றரியைச் சூடாக்கும். நம் வெயிலில் அதன் ஆயுள் விரைவாகக் குறையும். பற்றரியைக் கணினியில் பரிசோதிக்காமல் எந்தப் பழைய ஹைபிரிட்டுக்கும் முற்பணம் கொடுக்க வேண்டாம். நெல் மூடை ஏற்றுவதற்காகவே பெரிய வாகனம் தேடுபவர்களுக்கு, அந்தச் சில நாட்களுக்குப் பட்டா எனப்படும் சிறிய லொறி ஒன்றை வாடகைக்குப் பிடிப்பதே மலிவு.

வெள்ளத்தில் நின்ற கார்களும் சந்தைக்கு வரும். 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிலும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது நாட்டின் பெரும்பகுதியிலும் வெள்ளம் ஏறியது. இருக்கைப் பட்டியை முழுவதுமாக வெளியே இழுத்து அதன் அடியில் சேற்றுக்கறை இருக்கிறதா என்று பாருங்கள். தரைவிரிப்பைத் தூக்கி, இருக்கைத் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். புதிதாகத் தெளித்த வாசனையும் சந்தேகத்துக்குரியதே.

கடனைப் பொறுத்தவரை, லீசிங் தவணை மாதந்தோறும் வருவது. வயலை நம்பியவர்களின் வருமானமோ காலபோக அறுவடையின்போதும், குளத்தில் நீர் நின்றால் மட்டும் சிறுபோகத்தின்போதும் வருவது. இடைப்பட்ட மாதங்களுக்கு வேறு வருமானம் இல்லாதவர், தவணைகள் தவறினால் நிறுவனம் வாகனத்தையே எடுத்துச் செல்லும் என்பதை நினைத்து, கையிலுள்ள காசுக்குள் அடங்கும் காரை வாங்குவதே நல்லது. அந்தக் காசிலும் காப்புறுதிக்கும் ரயர்களுக்கும் ஒரு பங்கை ஒதுக்கிவைக்க வேண்டும்.

கடைசியாகப் பத்திரங்கள். பதிவுச் சான்றிதழிலுள்ள எஞ்சின், சேஸ் இலக்கங்களை வாகனத்தோடு ஒப்பிடுங்கள். அதில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். இடையில் பலர் கைமாறியும் பெயர் மாற்றப்படாத வாகனமாயின், பதிவு உரிமையாளர் நேரில் வந்து கையெழுத்திடும்வரை முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம்.