சமப் புள்ளியில் நிற்கும் அணிகளை வரிசைப்படுத்துவது எப்படி?

சென்ற பொங்கலுக்குக் காரைக்குடியில் எங்கள் பகுதிப் பையன்கள் ஆடிய கால்பந்துப் போட்டியில் இரண்டு அணிகள் சமப் புள்ளியில் நின்றன. விதி எதுவும் முன்கூட்டி எழுதப்படாததால், நடத்தியவர்கள் அந்த இடத்திலேயே சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். நேருக்கு நேர் ஆட்டத்தில் வென்றிருந்த அணி வெளியேறியது. அந்தப் பையன்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் பந்தை எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்தபோது, பன்னாட்டுப் போட்டிகளில் இந்தக் கணக்கை எப்படிப் போடுகிறார்கள் என்று முறையாக எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

முதல் வேலை, அந்தந்தப் போட்டியின் விதிகளில் சமநிலை பற்றிய பகுதியைப் படிப்பது. கோல் வித்தியாசம்தான் (அடித்த கோலில் வாங்கிய கோலைக் கழித்து வருவது) எப்போதும் முதலில் வரும் என்று எண்ணிக் கணக்கைத் தொடங்குவதே பலரும் செய்யும் பிழை. உலகில் இரண்டு வழக்கங்கள் உள்ளன. 2022 கத்தார் உலகக் கோப்பை வரை, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா, குழுவின் எல்லா ஆட்டங்களையும் சேர்த்த கோல் வித்தியாசத்தை முதலிலும், அடித்த கோல்களை அடுத்தும், நேருக்கு நேர் முடிவை, அதாவது சமமான அணிகள் தங்களுக்குள் ஆடியதன் முடிவை, அதற்குப் பிறகும் பார்த்தது. ஐரோப்பியக் கோப்பையிலும் ஆசியக் கோப்பையிலும் நேருக்கு நேர் முடிவே முதலில் வருகிறது. 2026 உலகக் கோப்பை விதிகளில் ஃபிஃபாவும் இந்த இரண்டாவது வழக்கத்துக்கு மாறிவிட்டது.

அடுத்து, ஒரு தாளில் பட்டியலைக் கையாலேயே போடுங்கள். பேரேடு எழுதிப் பழகிய நம் பக்கத்தாருக்கு இது கடினமில்லை: அடித்த கோல் வரவு, வாங்கிய கோல் பற்று. ஆட்டம், வெற்றி, சமன், தோல்வி, அடித்தது, வாங்கியது, வித்தியாசம், புள்ளி என எட்டுக் கட்டங்கள் போதும். வித்தியாசக் கட்டத்தை மேலிருந்து கீழே கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஓர் ஆட்டத்தின் கோலைத் தவறாக ஏற்றியிருக்கிறீர்கள்.

2019 ஆசியக் கோப்பையில் இந்தியா ஆடிய ‘ஏ’ குழுவை எடுத்துக்கொள்வோம். ஐக்கிய அரபு அமீரகம் 5 புள்ளி, வித்தியாசம் கூட்டல் 2. தாய்லாந்து 4 புள்ளி, கழித்தல் 2. பஹ்ரைன் 4 புள்ளி, பூஜ்யம். இந்தியா 3 புள்ளி, பூஜ்யம். வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் பஹ்ரைன்தான் இரண்டாவது. ஆனால் தாய்லாந்து பஹ்ரைனை 1-0 என்று வென்றிருந்ததால் இரண்டாம் இடம் தாய்லாந்துக்குப் போனது. பஹ்ரைனுக்கு எதிராகக் கடைசி நேரத்தில் ஒரு பெனால்டியைக் கொடுக்காமல் இந்தியா சமன் செய்திருந்தால், 4 புள்ளியுடன் தாய்லாந்துக்குச் சமமாக நின்றிருக்கும். தாய்லாந்தை 4-1 என்று வென்றிருந்ததால் இந்தியாவே இரண்டாம் இடம் பெற்று அடுத்த சுற்றுக்குச் சென்றிருக்கும். அந்த இரவை இன்று நினைத்தாலும் மனம் ஆறவில்லை.

மூன்று அணிகள் சமமாக நின்றால்தான் பலரும் தடுமாறுகிறார்கள். அப்போது அந்த மூன்று அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டும் பிரித்தெடுத்து, தனியாக ஒரு சிறு பட்டியல் போட வேண்டும். நான்காவது அணியுடன் ஆடியது எதுவும் அதில் ஏறக் கூடாது. 2004 ஐரோப்பியக் கோப்பையில் ஸ்வீடன், டென்மார்க், இத்தாலி மூன்றும் 5 புள்ளி பெற்றன. தங்களுக்குள் ஆடியவை எல்லாம் சமன்: இத்தாலி–டென்மார்க் 0-0, இத்தாலி–ஸ்வீடன் 1-1, டென்மார்க்–ஸ்வீடன் 2-2. ஆகவே சிறு பட்டியலில் புள்ளியும் சமம், வித்தியாசமும் சமம். அடித்த கோல்களோ ஸ்வீடனுக்கு 3, டென்மார்க்குக்கு 2, இத்தாலிக்கு 1. இத்தாலி வெளியேறியது. ஸ்வீடன் பல்கேரியாவை 5-0 என்று வென்றது இந்தக் கணக்கில் சேரவே இல்லை. சிறு பட்டியல் ஓர் அணியைப் பிரித்துவிட்டு இரண்டை இன்னும் சமமாக விட்டால், அந்த இரண்டுக்கும் மட்டும் நேருக்கு நேர் முடிவை மறுபடி பார்க்க வேண்டும் என்று ஐரோப்பிய விதி சொல்கிறது. இந்தப் படியைத்தான் பலரும் மறக்கிறார்கள்.

வெவ்வேறு குழுக்களில் மூன்றாம் இடம் பெற்ற அணிகளை ஒப்பிடும்போது, அவை ஒன்றோடொன்று ஆடியிராததால், புள்ளி சமமானால் மொத்தக் கோல் வித்தியாசமும் அடுத்து அடித்த கோல்களுமே அளவுகோல். 2026-இல் 12 குழுக்களிலிருந்து சிறந்த 8 மூன்றாம் இட அணிகளை இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கோல் கணக்கு எல்லாம் சமமாகிவிட்டால் அட்டைகளை எண்ண வேண்டும். 2018 உலகக் கோப்பை விதிப்படி, ஆட்டப் புள்ளியைத் தொடாமல் தனியாகப் போடும் நன்னடத்தைக் கணக்கில், மஞ்சள் அட்டைக்கு 1 புள்ளியும், இரண்டாம் மஞ்சளால் வந்த சிவப்புக்கு 3-உம், நேரடிச் சிவப்புக்கு 4-உம், மஞ்சளுக்குப் பிறகு நேரடிச் சிவப்பு வாங்கினால் 5-உம் கழியும். அந்த ஆண்டு ஜப்பானும் செனகலும் 4 புள்ளி, அடித்தது 4, வாங்கியது 4, தங்களுக்குள் 2-2 என்று எதிலும் பிரிக்க முடியாமல் நின்றன. ஜப்பான் 4 மஞ்சள் அட்டையும் செனகல் 6 மஞ்சள் அட்டையும் வாங்கியிருந்ததால் ஜப்பான் முன்னேறியது. ஆகவே பட்டியல் போடும்போதே அட்டைகளுக்கும் ஓரத்தில் ஒரு கட்டம் ஒதுக்கி, ஆட்டத்துக்கு ஆட்டம் குறித்து வாருங்கள். பின்னால் நினைவிலிருந்து சேர்க்க முயன்றால் சண்டைதான் வரும்.

அதிலும் தீராவிட்டால் கடைசி வழி குலுக்கல். நம் ஊர்களில் பாகப்பிரிவினையின்போது திருவுளச்சீட்டு எடுப்பதைப் போன்றதுதான். 1990 உலகக் கோப்பையில் அயர்லாந்தும் நெதர்லாந்தும் மூன்று ஆட்டத்தையும் சமன் செய்து, 2 கோல் அடித்து 2 கோல் வாங்கியிருந்ததால், சீட்டு எடுத்து அயர்லாந்துக்கு இரண்டாம் இடம் தந்தார்கள். 2026 விதிகளில் குலுக்கலுக்குப் பதிலாக ஃபிஃபா தரவரிசை வந்திருக்கிறது.

ஊர்ப் போட்டி நடத்துவோர் இவற்றில் எந்த வரிசையை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். குழுவுக்கு மூன்று நான்கு ஆட்டமே நடக்கும் இடத்தில், வலுவற்ற ஓர் அணியைக் கோல் மழையில் நனைத்தவருக்குச் சாதகம் போகாதபடி, நேருக்கு நேர் முடிவையே முதலில் வைப்பது நியாயம் என்பது என் கருத்து. எதை எடுத்தாலும் அதை நோட்டீஸிலேயே அச்சிட்டு, நுழைவுக் கட்டணம் வாங்கும்போது அணித் தலைவர்களிடம் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். குழுவின் கடைசி இரண்டு ஆட்டங்களையும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள். 1982-இல் அல்ஜீரியா தன் ஆட்டங்களை முடித்துவிட்ட பிறகு ஆடிய மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும், இருவருமே முன்னேறத் தேவையான 1-0 கணக்கோடு நிறுத்திக்கொண்டதால்தான் அந்த ஏற்பாடு உலகக் கோப்பைக்கே வந்தது.