வில்லெம்ஸ்டாட்: பாலம் விலகிப் போனால் பதற வேண்டாம்

கரீபியக் கடலில் இருக்கும் குராசோ தீவின் தலைநகர் வில்லெம்ஸ்டாட்டில் சுற்றுலாக் கப்பல் நிற்கும் அந்த ஒரு பகலுக்கு டாக்ஸியோ சுற்றுலாப் பேருந்தோ தேவையில்லை. பெரிய கப்பல்கள் நிற்கும் மெகா பியரிலிருந்து ரிஃப் கோட்டை வழியாக மெதுவாக நடந்தாலே கால் மணி நேரத்தில் குயீன் எம்மா பாலம் வந்துவிடும். 1888இல் போட்ட மிதவைப் பாலம் இது. அக்கரையில் பழைய நகரப் பகுதியான புண்டா, அந்த வண்ண வண்ண வீடுகளின் வரிசை.

கப்பல் வந்தால் பாலம் அப்படியே ஒரு பக்கமாகத் திறந்து ஒதுங்கிக்கொள்ளும். மணி அடித்ததும் ஓடாதீர்கள், கொடியைப் பாருங்கள். ஆரஞ்சு என்றால் பாலம் சீக்கிரம் பழையபடி சேர்ந்துவிடும், நின்று வேடிக்கை பார்க்கலாம். நீலம் என்றால் நேரமாகும். அப்போது இலவசப் படகு ஓடும், அதில் ஏறிக்கொள்ளுங்கள். திரும்பும்போதும் இதே கதைதான் என்பதால் அரை மணி நேரம் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

புண்டாவில் ஒரே ஒரு இடம்தான் என்றால் 1732இல் கட்டிய யூத ஆலயத்தைச் சொல்வேன். தரை முழுக்க மணல்! சனிக்கிழமை சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பழைய சந்தையான பிளாசா பியூ. உள்ளூர்க்காரர்களோடு நீள மேசையில் உட்கார்ந்து ஆட்டுக்கறிக் குழம்பு சாப்பிடலாம். டாலர் வாங்கிக்கொள்வார்கள், சில்லறை நோட்டாக இருந்தால் நல்லது.

அப்புறம், தொப்பியும் தண்ணீரும். பாலத்தின் மேல் நிழலே கிடையாது.