புல்வெளிக்கு உரம் தூவும் கருவி: வரவழைப்பதும் தூவுவதும்

எங்கள் வீடு பொள்ளாச்சி தாண்டி, தென்னந்தோப்புக்குள். கூரியர்காரர் மெயின் ரோட்டோடு திரும்பிவிடுவார்; 'வந்தோம், ஆள் இல்லை' என்ற மெசேஜ் மட்டும் வீடு தேடி வரும். நான் திண்ணையில்தான் இருப்பேன்! அதனால் பெரிய பொருள் என்றால் ரோட்டோரத்து உரக்கடையின் முகவரியைக் கொடுங்கள், கடைக்காரரிடம் சொல்லிவிட்டு.

சரி, கருவி வந்தாச்சு. உரத்தை எடை போடாமல் ஆரம்பிக்காதீர்கள். 1,000 சதுர அடிக்கு அரை கிலோ யூரியா போதும். அதில் 46 சதவீதம் நைட்ரஜன், அள்ளிப் போட்டால் புல் கருகும். பாதியை நீளவாக்கில், மீதியைக் குறுக்காகத் தூவினால் பட்டை பட்டையாகத் தெரியாது. திறப்பைச் சிறிதாகவே வையுங்கள். மிச்சமிருந்தால் இன்னொரு நடை நடக்கலாம். கொட்டியதைப் பொறுக்க முடியாது. சிமென்ட் தரையில் வைத்தே நிரப்புங்கள். நடக்கத் தொடங்கிய பிறகு திறந்து, நிற்கும் முன் மூட வேண்டும். காலைப் பனி காயட்டும், ஈர இலையில் குருணை ஒட்டிக்கொள்ளும். தூவிய கையோடு நன்றாகத் தண்ணீர் விடுங்கள்.

அப்புறம், கருவியைக் கழுவிக் காயவையுங்கள். யூரியா ஈரத்தை இழுத்துக் கட்டிதட்டிவிட்டால் கைப்பிடி சுற்றாது.